பாதையில் என் பெயர்

அந்த வாரம் எங்கள் முதலாளி முழுநைட் மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லார் முன்னாலும் பாராட்டினார். மூன்று நாளாக உற்பத்தி இறங்காமல் நிற்கிறதாம். எண் இறங்கவில்லை என்பது உண்மை. ஏறவும் இல்லை. மூன்று காலையும் அவர் கைபேசியில் பார்த்தது திங்கட்கிழமை இரவின் கணக்கைத்தான். மூவாயிரத்து எழுநூறு கிலோ சொச்சம் என்று கண் பார்த்துவிட்டு நகர்ந்துவிடும். கடைசி இலக்கம் வரை யார் படிக்கிறார்கள்? என் லேப்டாப் கீல் உடைந்து சர்வீஸ் கடையில் கிடந்தது. அதற்குள்தான் மில்லின் கணக்கும் கிடந்தது.

மேஸ்திரி அங்கே ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்ததும் என் பக்கம் ஒதுங்கி, “ஏனுங் தம்பி, புதங்கெழம ராத்திரி ரெண்டு மணி நேரம் கரண்டே இல்லீங்களே. அப்புறம் எப்புடிங்க கொறையாம போச்சு?” என்றார். அவருக்குத் தெரிந்துவிட்டது. என் மானம் அவர் கையில் இருந்தது. அவர் அதைக் காப்பாற்றினார், ஒரு டீக்கு.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலை. பெயர் வேண்டாம். 24 ரிங் ஃப்ரேம், ஒவ்வொன்றிலும் 1,200 ஸ்பிண்டில். நான் அங்கே எம்.ஐ.எஸ். பார்த்தேன். அதாவது, மற்றவர்கள் எழுதும் எண்களைக் கூட்டி மேலே அனுப்புகிற வேலை. காலை 6 மணிக்குப் பகல் ஷிப்ட், மதியம் 2 மணிக்கு அரைநைட், இரவு 10 மணிக்கு முழுநைட். ஷிப்ட் முடியும்போது ஒவ்வொரு மிஷினிலும் ஹேங்க் மீட்டர் காட்டும் எண்ணைச் சீட்டில் குறிப்பார்கள். ஒரு ஹேங்க் 840 கெஜம். மீட்டர் எண்ணை ஸ்பிண்டில் எண்ணிக்கையால் பெருக்கி, நூல் நம்பரால் வகுத்து, பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாற்றினால் உற்பத்தி. சீட்டுகள் அலுவலகத்துக்கு வரும். அங்கே கணக்கு எழுதும் அக்கா எக்செல்லில் ஏற்றி, மொத்தம் சரிபார்த்து, சேமித்து, பென் டிரைவில் என்னிடம் கொடுப்பார்.

2019-ல் பவர் பிஐ என்ற மென்பொருளைக் கற்றுக்கொண்ட சூட்டில் ஒரு டாஷ்போர்டு செய்து காட்டினேன். வெள்ளோட்டம் என்றுதான் சொன்னேன். முதலாளிக்குப் பிடித்துப்போயிற்று, மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. எங்கள் தொழிலில் வெள்ளோட்டம் விட்டது எதுவும் கரைக்குத் திரும்பி வந்ததாக நான் பார்த்ததில்லை. அந்த டாஷ்போர்டு தன் எண்களை எங்கிருந்து எடுத்தது என்றால், சி டிரைவ், அதற்குள் யூசர்ஸ், அதற்குள் என் பெயர், அதற்குள் டாக்குமென்ட்ஸ், அதற்குள் ‘புரொடக்‌ஷன் ஃபைனல் நியூ 2’ என்ற எக்செல் ஃபைல். தினமும் காலையில் அக்கா தந்த ஃபைலை அந்த இடத்தில் பழையதன் மேல் ஒட்டி, ரிஃப்ரெஷ் அழுத்தி, பப்ளிஷ் அழுத்துவேன். முதலாளி கைபேசியில் படம் மாறும். எனக்குக் காய்ச்சல் என்றால் படம் மாறாது. என் மாமா பெண் கல்யாணத்துக்கு ஈரோடு போன இரண்டு நாளும் லேப்டாப்பை மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்து பப்ளிஷ் அழுத்தியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நடுவில் கேட்வே என்ற ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். இணையத்தில் இருக்கும் பவர் பிஐ சேவைக்கு என் சி டிரைவ் தெரியாது. அதற்கும் இதற்கும் நடுவே வாசல்காவலாளி மாதிரி ஒரு மென்பொருள் ஓட வேண்டும். சொந்தக் கணினிக்கான வகையை என் லேப்டாப்பிலேயே நிறுவினேன். ஒட்டும் வேலை போகவில்லை. பப்ளிஷ் வேலை மட்டும் போயிற்று. ஆனால் லேப்டாப் விழித்திருக்க வேண்டும், இணையத்தில் இருக்க வேண்டும். மூடி வைத்தால் காவலாளியும் தூங்கிவிடுவார். கீல் உடைந்த வாரத்தில் அதுதான் நடந்தது.

அலுவலகத்தில் ஒரு மேசைக் கணினியை எப்போதும் ஓட விட்டு அதில் கேட்வே வைக்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். “எப்பவும்னா, ஞாயித்துக்கெழமையுமா?” என்று கேட்டார். ஒரு யூனிட் மின்சாரம் மிச்சம் பிடிக்க எக்ஸாஸ்ட் ஃபேனையே எண்ணி எண்ணிப் போடுகிற மனிதர். யூபிஎஸ் பேட்டரி வேறு அப்போது படுத்திருந்தது. சரி, ஃபைலையே கிளவுடுக்குக் கொண்டுபோய்விடலாம் என்று முடிவானது. 2021, ஊரடங்கு தளர்ந்து மில் மறுபடி ஓடத் தொடங்கிய சமயம்.

முதல் முயற்சி எனக்கு இன்றும் வெட்கம் தரும். மில்லுக்கு வாங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் எனக்கு ஒன்டிரைவ் இருந்தது. ஃபைலை அதில் போட்டேன். கணினியில் நீல மேகப் படத்தோடு ஒன்டிரைவ் என்று ஒரு ஃபோல்டர் தெரிந்தது. டாஷ்போர்டுக்கு அந்த ஃபோல்டரின் பாதையைக் கொடுத்தேன். அழகாக வேலை செய்தது. பப்ளிஷ் செய்து, லேப்டாப்பை மூடிவிட்டு, டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் சேவை மறுபடி கேட்வே கேட்கிறது. பாதையை நிதானமாகப் படித்தபோதுதான் புரிந்தது. சி டிரைவ், யூசர்ஸ், என் பெயர், அதற்குப் பிறகுதான் ஒன்டிரைவ். மேகத்துக்குப் போய்விட்டதாக நான் நினைத்தது என் வட்டில் விழுந்த மேகத்தின் நிழலை. இந்தத் தவறைச் செய்யாதவர்களை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வேண்டியது ஃபைலின் இணைய முகவரி. பகிர்வதற்குக் கிடைக்கும் லிங்க்கை ஒட்டினேன், எடுபடவில்லை. அது மனிதர்கள் பிரவுசரில் திறந்து பார்ப்பதற்கான வாசல். மென்பொருளுக்கு ஃபைலே வேண்டும். கணினியில் நிறுவிய எக்செல்லில் அதைத் திறந்து, ஃபைல், இன்ஃபோ என்று போனால் பாதையை நகலெடுக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதில் வருவதுதான் சரியான முகவரி. கடைசியில் ஒரு கேள்விக்குறியும் ‘வெப்=1’ என்ற வாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலை வெட்ட வேண்டும். வாலோடு கொடுத்துவிட்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன்.

சரியான முகவரி கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த முட்டாள்தனம். பழைய அட்டவணையை அழித்துவிட்டு, புதிய முகவரியிலிருந்து அதே அட்டவணையைப் புதிதாக எடுத்தேன். பெயரும் அதே பெயர்தான் வைத்தேன். ஆனால் அழித்தபோதே, நூல் நம்பர் அட்டவணையோடும் மிஷின் அட்டவணையோடும் அதற்கு இருந்த தொடுப்புகள் அறுந்தன. அதற்குள் எழுதி வைத்திருந்த கணக்கு வாய்பாடுகள் எல்லாம் அதோடு போயின. 11 படங்களும் சாம்பல் பெட்டிகளாக நின்றன. இரண்டு வருட வேலை. பென் டிரைவில் முந்தின நாள் பிரதி இருந்ததால் இந்தக் கட்டுரையைச் சிரித்துக்கொண்டே எழுத முடிகிறது.

அழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஒவ்வொரு அட்டவணைக்கும் பின்னால் அட்வான்ஸ்டு எடிட்டரில் ஒரு சமையல் குறிப்பு இருக்கிறது. முதல் வரி, சரக்கு எங்கே வாங்குவது. மற்ற வரிகள், வாங்கியதை என்ன செய்வது. முதல் இரண்டு வரிசையை நீக்கு, தலைப்பை ஏற்று, தேதியைத் தேதியாக்கு என்று என் குறிப்பில் முப்பதுக்கு மேல் வரிகள். புளியை எந்தக் கடையில் வாங்கினாலும் கரைப்பதும் தாளிப்பதும் அதேதான். ஆகவே மாற்ற வேண்டியது முதல் வரியை மட்டும். அதில் ‘ஃபைல்.கன்டென்ட்ஸ்’ என்று இருந்ததை ‘வெப்.கன்டென்ட்ஸ்’ ஆக்கி, சி டிரைவ் பாதை இருந்த இடத்தில் இணைய முகவரியை வைத்தேன். கீழே இருந்த வரிகளுக்கு எதுவும் நடந்ததே தெரியாது.

பிறகு நீ யார் என்று கேட்டது. அங்கே தானாகவே ‘அனானிமஸ்’ என்று நிற்கும்; அவசரத்தில் அப்படியே கனெக்ட் அழுத்தினால் அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பிவிடும். ‘ஆர்கனைசேஷனல் அக்கவுன்ட்’ தேர்ந்தெடுத்து மில் கணக்கால் உள்ளே போக வேண்டும். பப்ளிஷ் செய்த பிறகு சேவையிலும் இன்னொரு முறை அதையே சொல்ல வேண்டும், இங்கே கொடுத்த கடவுச்சொல் அங்கே போகாது. இவ்வளவும் முடித்து, லேப்டாப்பை அணைத்து, பைக்குள் வைத்து ஜிப்பையும் போட்டேன். அக்காவின் கணினியில் பிரவுசரைத் திறந்து ரிஃப்ரெஷ் அழுத்தினேன். எண் மாறியது. பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடே இல்லை.

பாதை மாற்றும் வேலை இங்கே முடிந்தது. ஆட்கள் விஷயம் இனிமேல்தான்.

எங்கள் உரிமத்தில் ஒரு நாளைக்கு 8 முறை தானாகப் புதுப்பிக்கலாம். காலை எட்டரைக்கு ஒன்று வைத்தேன். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, எட்டே முக்காலுக்கு முதலாளி ஸ்பின்னிங் மாஸ்டரைக் கூப்பிட்டார். முழுநைட் உற்பத்தி இலக்கில் 20 சதவீதம் என்று காட்டுகிறது. மாஸ்டர் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார், மிஷின் எல்லாம் ஓடுகிறது. “சார், இருவது சதம்னா மில்லு தீப்புடிச்சிருக்கோணும் சார்” என்று சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் சேர்ந்து என்னைக் கூப்பிட்டார்கள்.

நடந்தது இது. பழைய ஃபைலில் அக்கா எல்லாச் சீட்டையும் ஏற்றி, மொத்தம் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் சேமிப்பார். சேமிப்பது என்பது அவருக்குக் கையெழுத்துப் போடுகிற மாதிரி. இப்போது அவர் நேராக ஏற்றுவது கிளவுடில் இருக்கும் ஃபைலில், அதில் ஆட்டோசேவ் ஓடும். ஒரு கட்டத்தில் எழுதி அடுத்த கட்டத்துக்குப் போனாலே சேமிப்பாகிவிடும். எட்டரைக்கு 24 மிஷினில் 5 மிஷின் கணக்குத்தான் ஏறியிருந்தது. டாஷ்போர்டு அதைப் பொறுப்பாக எடுத்துக்கொண்டு போய் முதலாளி முன் வைத்துவிட்டது.

அக்காவிடம் விளக்கினேன். “அப்ப நா தப்பா அடிச்சு அழிக்கறதக்கூட மொதலாளி பாப்பாருங்களா தம்பி?” என்று கேட்டார். முகம் வாடிப்போயிருந்தது. இருபது வருடமாக முடித்த கணக்கை மட்டுமே வெளியே காட்டியவர். அவர் அடுக்களைக்குச் சுவரே இல்லாமல் செய்துவிட்டு வசதி செய்து கொடுத்திருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புதுப்பிக்கும் நேரத்தை ஒன்பதரைக்குத் தள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தது. சீட்டு தாமதமானால் ஒன்பதரையும் போதாது. கடைசியில் அக்காவே வழி சொன்னார். பேரேட்டில் சரிபார்த்த பக்கத்தில் சிவப்பு மையில் டிக் போடுவார்களே, அதுபோல ஒரு பத்தி வைக்கலாம் என்றார். ஷிப்ட் கணக்கு முடிந்ததும் ‘சரி’ என்று அதில் எழுதுவார். ‘சரி’ இல்லாத ஷிப்டை டாஷ்போர்டு தொடாது. சமையல் குறிப்பில் ஒரு வரி கூடியது. அதற்குப் பிறகு நான் போன இடமெல்லாம் இந்தப் பத்தியை வைத்திருக்கிறேன். எந்தப் பாடத்திலும் இதை நான் படிக்கவில்லை.

ஃபைல் எல்லார் கைக்கும் எட்டியதும் எல்லாரும் எழுதத் தொடங்கினார்கள். அரைநைட் சூப்பர்வைசர் ஒருவர் தலைப்பு வரிசைக்கு மேலே ஒரு வரிசை சேர்த்து, ‘கரண்ட் கட், 40 நிமிடம், நான் பொறுப்பல்ல’ என்று எழுதி வைத்தார். மறுநாள் காலை, மிஷின் நம்பர் என்ற பத்தியே காணோம் என்று டாஷ்போர்டு நின்றுவிட்டது. அவர் எழுதியதில் தப்பில்லை, எழுத வேறு இடம் நாம் தரவில்லை. குறிப்பு என்று தனிப் பத்தி கொடுத்தேன். ஷீட்டை வரிசை எண்ணி எடுப்பதை விட்டுவிட்டு, கணக்குப் பகுதியை எக்செல் டேபிளாக்கிப் பெயர் வைத்து, அந்தப் பெயரால் எடுத்தேன். பிறகு மேலே யார் என்ன எழுதினாலும் கவலையில்லை.

இன்னொன்று, இது சுவாரசியமான கோளாறு. முதலாளி காலை ஐந்தே காலுக்கு நடைப்பயிற்சி போவார். அப்போது பார்க்க வசதியாக 5 மணிக்கு ஒரு புதுப்பிப்பு வைத்தேன். ‘நேற்று’ என்ற பெட்டியில் முந்தாநாள் கணக்கு வந்தது. எட்டரைக்குத் தானே சரியாகிவிடும். நான் வந்து பார்க்கும்போது எப்போதும் சரியாகவே இருக்கும். ‘நேற்று’ என்பதை, இந்த நிமிடத்தின் தேதியில் ஒன்றைக் கழித்து எடுத்திருந்தேன். என் லேப்டாப்பில் ஓடியவரை அந்த நிமிடம் பல்லடத்து நிமிடம். சேவையில் ஓடும்போது அது உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். நம் காலை 5 மணிக்கு அங்கே முந்தின நாள் இரவு பதினொன்றரை. தேதி மாற இன்னும் அரை மணி இருக்கிறது. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டி எழுதினேன், சரியாயிற்று. கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆனது, ஏனென்றால் எட்டரைக்கு முன்னால் அதைப் பார்த்தவர் முதலாளி ஒருவர்தான். “நான் சொன்னா யார் நம்பறீங்க” என்றார்.

அதோடு சேர்த்து டாஷ்போர்டின் மேல் மூலையில், கணக்கு கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று தேதியும் நேரமும் போட்டேன். மேஸ்திரிக்கு வாங்கிக் கொடுத்த டீயின் பாக்கி அது.

இரண்டு வருடம் ஓடியது. 2023-ல் சென்னையில் வேலை கிடைத்து விலகினேன். போகும்போது எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன், படம் வரைந்துகூட. விலகியவர் கணக்கை மூடுவது முறை, என் கணக்கையும் மூடினார்கள். ஃபைல் இருந்தது என் ஒன்டிரைவில். சேவை உள்ளே போய்க்கொண்டிருந்தது என் கணக்கால். கணக்கு போனதும் புதுப்பிப்பு தோற்றது. தொடர்ந்து நான்கு முறை தோற்றால் சேவை கால அட்டவணையையே நிறுத்திவிடும். தோற்றதாக அறிவிக்கும் மின்னஞ்சல் உரிமையாளருக்குப் போகும். உரிமையாளர் நான். என் பெட்டியோ மூடியாயிற்று.

இந்த முறை மூலையில் தேதி இருந்ததால் முதலாளி முதல் நாளே கவனித்தார். தம்பி புது வேலைக்கு இப்போதுதான் போயிருக்கிறான், உடனே தொல்லை பண்ண வேண்டாம் என்று விட்டுவிட்டார்களாம். அக்கா பாட்டுக்கு ஃபைலில் ஏற்றிக்கொண்டே இருந்தார், அவருக்குப் பகிர்ந்திருந்ததால் அது திறந்தது. விலகியவர் ஒன்டிரைவை வழக்கமான அமைப்பில் 30 நாள்தான் வைத்திருப்பார்கள். ஒரு நாள் காலை அக்கா கூப்பிட்டார். “தம்பி, போர்டு நின்னா நிக்குதுன்னு விட்டம். இப்ப ஃபைலே இல்லீங்க தம்பி.” குரல் நடுங்கியது. எனக்கும்தான். அழிந்த பிறகும் 93 நாளுக்கு நிர்வாகி நினைத்தால் மீட்கலாம் என்பது தெரிந்திருந்தது. உரிமம் விற்ற ஆளைப் பிடித்து மீட்கச் சொல்லிவிட்டு, சனிக்கிழமை இரவு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் உட்கார்ந்து, மீட்ட ஃபைலின் முகவரியைப் படித்தேன். நடுவில் ‘பர்சனல்’ என்று இருந்தது, அடுத்து என் பெயர். இரண்டு வருடமாக அது கண்ணெதிரே இருந்தது. வாலை வெட்டத் தெரிந்தவனுக்கு நடுவில் இருந்தது தெரியவில்லை. சி டிரைவில் யூசர்ஸுக்கு அடுத்து நின்ற அதே பெயர், கிளவுடில் பர்சனலுக்கு அடுத்துப் போய் நின்றுகொண்டது. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் கேட்டார்: “அப்ப இத்தன நாளும் மில்லுக் கணக்கு உங்க வீட்டு அலமாரிலதா இருந்துச்சுங்களா தம்பி?”

அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும் ஷேர்பாயின்ட் என்ற பொது இடத்தில் உற்பத்திப் பிரிவுக்கென்று ஒரு தளம் திறந்து ஃபைலை அதில் வைத்தோம். அலுவலகத்தின் பொது மின்னஞ்சலுக்கு ஓர் உரிமம் வாங்கி, டாஷ்போர்டின் உரிமையையும் உள்ளே போகும் கணக்கையும் அதன் பெயருக்கு மாற்றினோம். கடவுச்சொல் உறையில் போட்டு மேனேஜர் பீரோவில் இருக்கிறது. முதல் வரியில் முகவரியை மாற்றியது 2 நிமிடம். முகவரியில் இப்போது ‘சைட்ஸ்’ என்றும் ‘புரொடக்‌ஷன்’ என்றும் இருக்கிறது. ஆள் பெயர் எதுவும் இல்லை.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒரு போர்டு ஓடிக்கொண்டிருக்கும். அதன் டேட்டா சோர்ஸ் செட்டிங்ஸைத் திறந்து பாதையை ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். யூசர்ஸுக்கோ பர்சனலுக்கோ அடுத்து யாராவது ஒருவரின் பெயர் வந்தால், அவர் வேலையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள்.